இ.இ.ஜி. அறையில் பிள்ளையைத் தூங்க வைக்க

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறைக்குப் புதிதாக டியூட்டி போடப்பட்டிருக்கும் நர்ஸ் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம். பாதி வேலை அவர்கள் வீட்டிலேயே நடக்கிறது.

வலிப்பின் அடையாளம் பல பிள்ளைகளுக்கு விழித்திருக்கும்போது பதிவில் தெரியாது. கண் சொருகும் நேரத்திலும் லேசான தூக்கத்திலும்தான் வெளியே வரும். அதனால்தான் தூக்கத்திலும் பதிவு கேட்கிறார்கள். பிள்ளை தானாகத் தூங்கிவிட்டால் அதைவிட நல்லது வேறில்லை. பதிவும் சுத்தமாக இருக்கும், நமக்கும் பயம் இல்லை. தூங்க வைக்கும் மருந்து, வேறு வழியே இல்லாதபோதுதான்.

முந்தின நாளே அம்மாவிடம் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டி வரவேண்டும். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு (அலையைப் பிடிக்கத் தலையில் ஒட்டும் கம்பி முனை) ஒட்டாது, அழுத்தித் தேய்ப்பதிலேயே தூங்கிய பிள்ளை எழுந்துவிடும். வழக்கமான வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பெரிய பிள்ளையை ராத்திரி தாமதமாகத் தூங்க விட்டு, விடியற்காலையில் எழுப்பிவிடச் சொல்லுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை டாக்டர் சொல்வார். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் பிள்ளைகளும் உண்டு. இதில் எல்லாரும் மறக்கும் ஒன்று பஸ். கஷ்டப்பட்டு முழிக்க வைத்த பிள்ளை, ஜன்னல் காற்று பட்டதும் அம்மா மடியில் தூங்கிவிடும். இங்கே வந்து இறங்கும்போது கண் பளிச்சென்று இருக்கும். வழியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர இன்னொரு ஆள் கூட வரட்டும்.

கைக்குழந்தை என்றால் பால் கொடுத்ததும் தூங்கிவிடும், அந்த நேரத்துக்கே பதிவை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பால் குடித்தும் தூங்கவில்லை என்றால் அங்கேயே மருந்தை ஊற்றிவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகும். மருந்துக்கு முன் எவ்வளவு நேரம் இடைவெளி வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கும் கணக்கு: தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பசும்பால், பவுடர் பால், இட்லி போன்ற எதற்கும் 6. இதற்கு மேல் பட்டினி போடவும் வேண்டாம். சின்னக் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் மருந்து தேவைப்படும் குழந்தைகளை வரிசையில் முதலில் எடுங்கள்.

மருந்துக்கு முன்னால் இவற்றைக் கேட்காமல் விடாதீர்கள்: சளி, காய்ச்சல், மூச்சு இரைப்பு இருக்கிறதா? ராத்திரி குறட்டை விடுகிறதா, நடுவில் மூச்சு நிற்கிறதா? டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) பெரிதாக இருக்கிறதா? இருதயத்திலோ கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ கோளாறு உண்டா? காலையில் வேறு ஏதாவது மருந்து கொடுத்தார்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் டாக்டர் வந்து பார்க்கும்வரை மருந்து கிடையாது. சளி மட்டும்தான் என்றால் பெரும்பாலும் வேறு தேதி கொடுத்துவிடுவோம். திட்டினாலும் பரவாயில்லை.

எங்கள் ஊர்களில் அதிகம் பழக்கத்தில் இருக்கும் தூக்க மருந்து ட்ரைக்ளோஃபாஸ் சிரப். சில டாக்டர்கள் முதலில் மெலட்டோனின் எழுதுவார்கள். டயஸிபாம், மிடசோலம் இரண்டும் வலிப்பை அடக்குபவை. பதிவில் தேடும் அடையாளத்தையே மறைத்துவிடும் என்பதால் இதற்குப் பொதுவாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

எடையை அன்றைக்கே உங்கள் கையால் பாருங்கள். அம்மா சொல்லும் எடை போன மாதத்து எடை. ட்ரைக்ளோஃபாஸ் சிரப் வழக்கமாக 5 மில்லியில் 500 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு 100. டாக்டர் கிலோவுக்கு 50 மில்லிகிராம் எழுதினால், 10 கிலோ குழந்தைக்கு 500 மில்லிகிராம், அது 5 மில்லி. மில்லிகிராமை மில்லியாகப் படித்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாட்டில் லேபிளைப் படித்து, கணக்கை எழுதி, இன்னொரு நர்ஸைப் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் சிரிஞ்சில் எடுக்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில், பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டாம். துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள். தூக்கம் வர அரை மணி, முக்கால் மணி ஆகலாம். ஒரு சில பிள்ளைகள் அதற்குள் தள்ளாடிக்கொண்டு ஓடும், முரண்டு பிடிக்கும். அப்போது விழாமல் பிடித்துக்கொள்வதுதான் நம் வேலை.

இந்த மருந்தை வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பி வரும்படி யாரிடமும் சொல்லாதீர்கள். ஆட்டோவில் மடியில் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை அடைபடும். பிள்ளை தூங்குகிறான் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள்.

மருந்து கொடுக்கும் முன்பே ஆக்ஸிஜன், குழந்தை அளவு மாஸ்க்கோடு ஆம்பூ பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை), ஓட்டிப் பார்த்த சக்ஷன் (வாயில் இருக்கும் சளி, வாந்தியை உறிஞ்சும் கருவி) எல்லாம் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மயக்கத்தைத் திருப்ப தனி மருந்து கிடையாது, மூச்சைப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். தோளுக்கு அடியில் மடித்த துணி, தலை லேசாகப் பின்னால். ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கால் விரலில் மாட்டுங்கள். ஆனால் எண்ணையே நம்பி உட்காராதீர்கள். மூச்சு நின்ற பிறகு கொஞ்சம் கழித்துத்தான் எண் இறங்கும். போர்வையை விலக்கி நெஞ்சைப் பாருங்கள். குறட்டைச் சத்தம் வந்தால் பாதி அடைப்பு, உடனே தாடையைத் தூக்கிவிடுங்கள். நெஞ்சு ஏறி இறங்கியும் காற்றுச் சத்தமே இல்லை என்றால் முழு அடைப்பு. தாடையைத் தூக்கிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள், காற்று வராவிட்டால் ஆம்பூ. டெக்னீஷியன் கண் திரையில் இருக்கும். குழந்தைக்கு மட்டுமான ஒரு ஆள் நீங்கள்தான், போன் வந்தாலும் எழுந்து போகக் கூடாது. துடிப்பு, மூச்சு, ஆக்ஸிஜன் அளவு மூன்றையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மருந்தின் பெயர், அளவு, நேரம் ரிப்போர்ட் படிப்பவருக்கும் போய்ச் சேர வேண்டும், மருந்து அலைகளை மாற்றக்கூடும்.

பதிவு முடிந்து எலக்ட்ரோடைக் கழற்றியதும் அறையில் சத்தமும் தொந்தரவும் நின்றுவிடும். சில குழந்தைகள் அப்போதுதான் ஆழமாக மயங்கும், கூட்டம் வெளியே நிற்கிறது என்று அவசரப்பட வேண்டாம். பெயர் சொன்னால் கண் திறந்து, பழையபடி உட்கார்ந்து, தண்ணீரை இருமாமல் குடித்த பிறகே அனுப்புவோம். அதுவும் டாக்டர் பார்த்து. டூ வீலரில் நடுவில் உட்கார வைத்து அனுப்புவதில்லை.

வீட்டில் அன்றைக்கு மாடிப்படி, சைக்கிள், தனியாகக் குளியல் வேண்டாம். முதலில் நீர் ஆகாரம், அப்புறம் சாதம். தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், மூச்சில் சத்தம், நிற்காத வாந்தி, வலிப்பு இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய சீட்டு அம்மா கையில் இருக்கட்டும்.