வன்னியில் பழைய மின்சாரக் கார் வாங்குமுன்

2024 செப்டெம்பரில் வொல்வோ, 2030க்குள் மின்சாரக் கார் மட்டுமே விற்பது என்ற இலக்கைக் கைவிட்டது. அதற்கு முந்திய மாதம் ஃபோர்ட், மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட மின்சாரக் கார்த் திட்டத்தை நிறுத்தியது. எதிர்பார்த்த வேகத்தில் வாங்குவோர் வரவில்லை. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உதிரிப்பாகமும் திருத்துபவரும் அருகில் உண்டா என்று விசாரியுங்கள்.

முதல் வேலை, உங்கள் ஓட்டத்தைக் கணக்கிடுவது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஏறத்தாழ 130 கிலோமீற்றர். 2011 நிசான் லீஃப் மின்சாரக் கார், புதிதாக இருந்தபோதே ஒரு முழு மின்னேற்றத்தில், அமெரிக்க அளவீட்டில் 117 கிலோமீற்றர்தான் ஓடியது.

பிறகு பற்றரி. பழைய லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. எங்கள் சித்திரை வெயில் அதைத் தின்றுவிடும். முகப்பில், மின்னேற்ற அளவுக்குப் பக்கத்திலுள்ள சிறு கோடுகளை எண்ணுங்கள். புதிதில் 12 இருக்கும், பற்றரி தேயத் தேயக் குறையும். என் மச்சானின் காரில் ஒன்பதே இருந்தன, விற்றவர் வாய்திறக்கவில்லை. முறிகண்டியில் தேங்காய் உடைத்து வவுனியாவுக்குப் புறப்பட்டவர், குழந்தைகளோடு ஓமந்தையில் நின்றுவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் வயரிங் வேலை செய்பவன். பழைய 13 அம்பியர் பிளக்கில் இரவு முழுதும் மின்னேற்றாதீர்கள், வயர் சூடேறும். பிரதான பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் போடுவியுங்கள். பகலில் காரை வேப்பமர நிழலில் விடுங்கள்.