விவாகரத்து டிக்ரி நகல்: முதல் பிரதிக்குக் காசு வேண்டாம்

விவாகரத்து தீர்ப்பானதும் டிக்ரி (நீதிமன்றத்தின் தீர்ப்பாணை) நகலை இலவசமாகவே கேளுங்கள். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 23(4)-ன்படி, விவாகரத்து வழங்கும் நீதிமன்றமே கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கொரு நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். நகல் கேட்கும் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள், வக்கீல் குமாஸ்தாவிடமும் சொல்லி வையுங்கள். கேட்காதவருக்கு யாரும் நினைவூட்டப் போவதில்லை.

சின்ன ஊர் என்றால் எந்த நீதிமன்றம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இந்த வழக்குகள் பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்தில்தான் நடக்கும். வழக்கு எண் ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மூல மனு) என்று தொடங்கி, எண்ணும் ஆண்டும் போட்டிருப்பார்கள். அந்த எண் எழுதிய சீட்டு தொலைந்துவிட்டதா? நீதிமன்ற வழக்கு விவரங்களுக்கான ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைத்தால் அதையும் குறித்துக்கொண்டு போங்கள், நகல் பிரிவில் பழைய பதிவேட்டைப் புரட்டும் வேலை மிச்சம்.

ஜீவனாம்ச உத்தரவு, சாட்சி வாக்குமூலம், கூடுதல் பிரதிகள் என்றால் வழக்கமான நகல் மனுவும் கட்டணமும்தான். கிறிஸ்தவர்களின் விவாகரத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கும் இந்தப் பிரிவு இல்லை, ஆனால் அந்தச் சட்டத்தின் பிரிவு 34(4) இதே இலவச நகலைத் தருகிறது.