20 ஆண்டு விண்பயணத்துக்கு எத்தனை ஆர்டிஜி?

சூரிய ஒளி போதாத தொலைவுக்குப் போகும் கலத்துக்கு ஆர்டிஜி (RTG) எனும் கதிரியக்க வெப்ப மின்னாக்கிதான் மின்சாரம் தரும். அதன் எரிபொருளான புளூட்டோனியம்-238 சிதையும்போது வரும் சூட்டைத் தெர்மோகப்பிள்கள் மின்சாரமாக்குகின்றன. அசையும் பாகமே கிடையாது. இதற்கான கணக்கைப் பயணத்தின் கடைசி நாளில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள்.

முதலில், அன்று அணைக்கவே முடியாதவற்றைக் கூட்டுங்கள்: ரேடியோ, கணினி, ஹீட்டர், ஓரிரு அறிவியல் கருவிகள். 220 வாட் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

அடுத்த படியில்தான் தவறு நடக்கிறது. எரிபொருளின் அரை ஆயுள் 87.7 ஆண்டு, 20 ஆண்டில் சூடு 0.854 மடங்காகும். 220-ஐ அதால் வகுத்தால் 258 வாட். சனிக்கோளுக்குப் போன காசினி கலத்தின் மூன்று ஆர்டிஜிகளும் 1997-இல் புறப்படும்போது சேர்ந்து சுமார் 885 வாட் தந்தன, ஒன்றுக்கு 295. அப்படியானால் ஒன்றே போதும் என்று தோன்றும்.

போதாது. சூட்டுப் பக்கம் தணியத் தணிய மாற்றும் திறன் குறைகிறது, தெர்மோகப்பிளும் தேய்கிறது. வாயேஜர் விண்கலம் 1977-இல் சுமார் 470 வாட்டுடன் கிளம்பியது. எரிபொருளை மட்டும் பார்த்தால் 2011-இல் 359 இருந்திருக்க வேண்டும். இருந்தது சுமார் 268. ஆண்டுக்குச் சராசரி 1.65 சதவீதச் சரிவு. இதை வைத்துப் பார்த்தால் 20 ஆண்டில் மிஞ்சுவது 72 சதவீதம். தொடக்கத்தில் 306 வாட் வேண்டும். உடனே இரண்டாவது ஆர்டிஜிக்குப் போகாதீர்கள். புளூட்டோனியம்-238 கிடைப்பது அரிது; ஒன்று தரும் 295 வாட் கடைசியில் சுமார் 212 ஆகும், எனவே கருவிகளை முறைவைத்து இயக்கிக் கடைசி நாள் சுமையில் 8 வாட்டைக் குறைப்பதே நல்லது. ஈயம்-டெல்லுரியம் வகைத் தெர்மோகப்பிள் என்றால் சரிவு இன்னும் வேகம், அதற்குத் தனிக் கணக்கு.

சிறிது நேரமே வரும் பெரிய சுமைக்கு பேட்டரி வையுங்கள். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி வண்டியின் 110 வாட் ஆர்டிஜி தொடக்கத்தில் ஒரு செவ்வாய் நாளுக்குத் தந்தது 2.7 யூனிட்தான். இரவில் பேட்டரி ஏறும். பகலில் வண்டி ஓடும்.

சூட்டை மறந்துவிடாதீர்கள். அந்த 110 வாட்டுக்குப் பின்னால் 2,000 வாட் வெப்பம் இருக்கிறது, அணைக்கும் சுவிட்ச் இல்லாமல். ராக்கெட்டின் மூக்குக் கூட்டுக்குள் மூடிவைத்த நாளிலிருந்தே அது வெளியேற வழி வேண்டும். குழாயில் திரவத்தை ஓட்டி ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது ஒரு வழி. அதில் ஒரு பங்கைத் திருப்பி மின்னணுப் பெட்டிகளைக் கதகதப்பாக வைக்கலாம்.

கருவிகள் ஓய்ந்திருக்கும்போது சுற்றைத் திறந்துவிடாதீர்கள். மின்னோட்டம் நின்றால் தெர்மோகப்பிள் வழியாக வெளியேறும் வெப்பம் குறைந்து, சூட்டுமுனையின் வெப்பநிலை ஏறும், தேய்மானமும் கூடும். மிச்ச மின்சாரத்தை, அதைச் சூடாக்கிக் கழிக்கும் ஷண்ட் மின்தடைக்குத் திருப்பி, சுமை எப்போதும் மாறாமல் இருக்கும்படி அமையுங்கள்.