எடை குறைவாகப் பிறந்த குழந்தையை வீட்டில் பேணும் முறை

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறார்கள். குறைமாதப் பிறப்பாலும், கர்ப்பத்தில் தாய்க்கு இருந்த இரத்தசோகை, இரத்தக்கொதிப்பு முதலியவற்றாலும் இது நேரலாம். காரைக்குடியிலோ சிவகங்கையிலோ மருத்துவமனையில் வைத்திருந்து ஊருக்கு அனுப்பிய பின், வீட்டாரின் முதல் வேலை குழந்தையின் உடற்சூட்டைக் காப்பதே.

செட்டிநாட்டு வீடுகள் வெயிலை வெளியே நிறுத்துவதற்கென்றே கட்டப்பட்டவை. உயர்ந்த கூரையும், வளவில், அதாவது நடுமுற்றத்தில், இறங்கும் காற்றும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சித்திரையில் நமக்குச் சுகம். தோலுக்கடியில் கொழுப்புப் பிடிக்காத சிசுவுக்கோ மார்கழி விடியலில் அவையே ஆபத்து. எனவே தரையில் கிடத்தாமல், காற்று நேரே படாத உள்ளறையில் கட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் உடனே சூடேற்ற வேண்டும். வயிறும் சில்லிட்டிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

சூடேற்ற மிகச் சிறந்த இடம் தாயின் மார்பு. சிசுவைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகளின் பற்றாக்குறையால் 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தரும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. குல்லா, காலுறை, இடுப்புத்துணி தவிர வேறு உடுப்பில்லாத குழந்தையை, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, மூக்கு அழுந்தாதபடி தலையை ஒருபுறம் திருப்பி, கைகால்களை மடக்கி, பழைய நூல்சேலையால் இருவரையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தாய் சாப்பிடும் நேரத்தில் தகப்பனோ அப்பத்தாவோ ஆயாவோ (தாயின் அம்மாவோ) இதைச் செய்யலாம். பெரியவர்கள் முதலில் கூசினாலும், ஒரு தரம் செய்துவிட்டால் பிறகு அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பாலை இரண்டு மணிக்கொரு தரம், தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். உறிஞ்ச வலுவில்லையென்றால், வெந்நீரில் கொதிக்க வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சிப் பாலாடையால் (மூக்குள்ள சிறு கிண்ணத்தால்) சிறிது சிறிதாகப் புகட்டலாம். சேனை வைப்பது (பிறந்ததும் நாவில் இனிப்புத் தடவுவது), சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து ஆகிய எதுவும் வேண்டாம். தாய்ப்பால் தவிர மருத்துவர் எழுதித் தந்த சொட்டு மருந்து மட்டும் போதும். தொப்புளில் எதையும் தடவ வேண்டாம். எடை ஏறும்வரை தலைக்குக் குளிப்பாட்டுவதும், சாம்பிராணி காட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் தள்ளி நிற்கட்டும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பின்னர் நாளுக்கு 20 கிராமாவது ஏறுகிறதா என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் வாரந்தோறும் எடை போட்டுப் பாருங்கள்.

பால் குடிக்க மறுத்தல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல், வலிப்பு, காய்ச்சல், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாதல், தூண்டினாலன்றி அசையாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழையுங்கள். வண்டியிலும் குழந்தை மார்போடு ஒட்டிய நிலையிலேயே வர வேண்டும். மருத்துவமனையில் தந்த சீட்டையும் தாய்–சேய் அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.