துரை கம்பு: பழைய மூங்கில் தூண்டில் கோலை அடையாளம் கண்டு சீர்செய்வது எப்படி?

என் தாத்தா குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். தோட்டத்துத் துரை இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போன தூண்டில் கோல் ஒன்று, துணிப்பையில் சுற்றியபடி எங்கள் வீட்டுப் பரணில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அம்மா அதைத் 'துரை கம்பு' என்பார். போன ஆண்டு அதைக் கீழே இறக்கிச் சீர்செய்தேன். எட்டு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம், முதல் நாளிலேயே நான் செய்த ஒரு தவறைச் சரிக்கட்டுவதற்குப் போனது. அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீலகிரியில் இப்படி ஒரு கோல் கிடப்பதில் வியப்பில்லை. ட்ரௌட் இந்த மலையின் மீன் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ரெயின்போ ட்ரௌட்டை இங்கே நிலைபெறச் செய்தார். அதைப் பிடிக்கத் துரைமார்கள் ஃப்ளை ராட், அதாவது பூச்சிபோல் செய்த பொய் இரையை வீசிப் பிடிக்கும் தூண்டில் கோல், கொண்டுவந்தார்கள். ஆகவே மலைத்தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பம் என்றால் உங்கள் பரணையும் ஒருமுறை பாருங்கள்.

முதலில்: எதையும் துடைக்காதீர்கள்

பையைத் திறந்ததும் தூசியும் பிசுக்கும் தெரியும். கை தானாகவே துணியைத் தேடும். நான் பஞ்சில் அசிட்டோன் தொட்டு, கார்க் கைப்பிடிக்கு மேலே உள்ள மூங்கிலைத் தேய்த்தேன். பஞ்சு பழுப்பானது, பிறகு கொஞ்சம் கறுப்பானது. அந்தக் கறுப்பு அழுக்கல்ல. கோலைச் செய்தவர்கள் இந்தியன் இங்க்கினால் கையால் எழுதி, மேலே வார்னிஷ் பூசி வைத்திருந்த பெயர் அது. வார்னிஷ் கரைந்தவுடன் மையும் வந்துவிட்டது. மிஞ்சியது நான்கு எழுத்து.

பழைய கோலின் அடையாளம் முழுவதும் நாம் அழுக்கு என்று நினைக்கும் இடங்களில்தான் இருக்கிறது. கைப்பிடிக்கு மேலே உள்ள ஒரு சாண் மூங்கில், ரீல் பொருத்தும் உலோகத்தின் அடிப்பாகம், துணிப்பையில் தைத்த துண்டு ஆகிய மூன்றையும் முதலில் படம் எடுங்கள். விளக்கை நேராகக் காட்டினால் எழுத்து தெரியாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைக் கோலின் நீளவாக்கில் படுக்கையாகப் பிடியுங்கள். மங்கிய எழுத்து மேடு பள்ளமாக எழுந்து தெரியும். எனக்கு மிஞ்சிய நான்கு எழுத்தை, 'கோனா' என்று முடியும் சொல்லை, அப்படித்தான் படித்தேன். அது 'பாலகோனா'. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் ஆனிக் என்ற ஊரில் 1872இல் தொடங்கிய ஹார்டி சகோதரர்கள் நிறுவனம் தன் மூங்கில் கோல்களுக்கு வைத்த வணிகப் பெயர்.

எழுத்தே இல்லாவிட்டால்? அப்போது கோலே பேச வேண்டும். நுனியைப் பாருங்கள். அறுகோணமாக, ஆறு கீற்றுகள் ஒட்டியதாக இருக்கும். உருண்டையாக இருந்தால் அது கீற்றுகள் ஒட்டிய கோல் அல்ல, வேறு வகை. துண்டுகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்து அளவெடுங்கள். பெரும்பாலும் எல்லாத் துண்டும் ஒரே நீளம் இருக்கும். நுனித்துண்டு மட்டும் இரண்டு அங்குலம் குறைந்தால், எப்போதோ முறிந்து, யாரோ நுனி வளையத்தை (தூண்டில் கயிறு இப்படிப்பட்ட வளையங்கள் வழியாகத்தான் ஓடும்) திரும்ப ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சிறு காந்தத்தை மூங்கில்மேல் ஓட்டுங்கள். வளையம் இல்லாத இடத்திலும் இழுத்தால் உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறது. ஹார்டி அப்படியும் செய்து விற்றது. வளையங்களுக்கு இடையில் வெறும் மூங்கில்மேலும் நெருக்கமாக நூல் சுற்றியிருந்தால், கோல் மிகப் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். தூண்டில் கயிற்றின் எடையைக் குறிக்கும் எண் (5, 6 என்பது போல) கோலில் எழுதியிருந்தால் அது 1961க்குப் பிந்தையது. அந்த எண் முறையே அப்போதுதான் வந்தது. அதற்கு முன்பு எச்.டி.எச், எச்.இ.எச் என்று எழுத்துகளால் குறித்தார்கள்.

துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்களை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் மாற்றுக் குழல் வாங்க நேர்ந்தால் அங்குலத்தை 64ஆகப் பிரித்த கணக்கில் கேட்பார்கள். 12 என்றால் 12/64 அங்குலம், ஏறக்குறைய 4.76 மில்லிமீட்டர்.

மூங்கிலைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நல்ல கோல்கள் பெரும்பாலும் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து டோன்கின் மூங்கிலில் செய்தவை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில், டோன்கின் பரவுவதற்கு முன்பு, அமெரிக்கக் கைவினைஞர்கள் பயன்படுத்தியது 'கல்கத்தா மூங்கில்'. நம் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் கல்மூங்கிலும் அதுவும் ஒரே இனம். அந்தக் கோல்களில் தீயில் வாட்டிய கருந்தழும்புகள் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அந்தத் தழும்பைக் கறை என்று சுரண்டிவிடாதீர்கள்.

இறுகிய குழலைப் பிரிப்பது

இணைத்தபடியே வைத்துவிட்டால் குழல்கள் பிடித்துக்கொள்ளும். திருகவே கூடாது, திருகினால் ஒட்டிய கீற்றுகள் பிரியும். துரு நீக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கோலை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, இணைப்பின் இரு பக்கமும் கைகளால் பற்றி, கைகளை இழுக்காமல் முழங்கால்களை மட்டும் வெளிப்பக்கமாக விரியுங்கள். விசை நேராகப் போகும். எனக்கு மூன்றாம் முறையில் 'டப்' என்று வந்தது. வெப்பம் காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பழைய கோல்கள் பலவற்றில் ஒட்டியிருப்பது தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல் பசை. சூட்டிலும் ஈரத்திலும் அது இளகும். இதே காரணத்தால்தான் வளைந்த கோலைச் சூடுகாட்டி நிமிர்த்தும் வேலையிலும் புதியவர்கள் இறங்கக் கூடாது. கொஞ்சம் வளைவு இருந்தாலும் கோல் வீசும்.

பழைய நூலை அகற்றுவது

ஒவ்வொரு வளையமும் நுனியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஒரு நீளத் தாளில் குறியுங்கள். நூல் கட்டு எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம், ஓரத்தில் வேறு நிறத்தில் மெல்லிய கோடு உண்டா என்பதையும் எழுதுங்கள். நிறத்தை மேலே பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். வார்னிஷ் மஞ்சளித்து எல்லாவற்றையும் பழுப்பாக்கியிருக்கும். நூலைப் பிரிக்கும்போது கட்டுக்கு அடியில் வெயில் படாமல் இருந்த இழையில்தான் உண்மையான நிறம் இருக்கும். அதில் ஒரு துண்டை உறையில் போட்டு வையுங்கள்.

பிளேடின் கூர்மையான பக்கம் மூங்கிலில் படவே கூடாது. வளையப் பாதத்தின் (கோல்மேல் படிந்து, நூலால் கட்டப்படும் பகுதி) உலோகத்துக்கு மேலே மட்டும் நூலைக் கீறி, பிறகு கையால் உரியுங்கள். வார்னிஷை பிளேடின் முதுகால் மெதுவாகச் சுரண்டினால் போதும். உப்புத்தாள் போட்டால் அறுகோணத்தின் விளிம்புகள் உருண்டுவிடும். மூங்கிலின் வலுவான நார் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. பெயிண்ட் நீக்கும் ரசாயனத்தை நான் எந்தக் கோலிலும் போடமாட்டேன். எழுத்து உள்ள ஒரு சாண் இடத்தை மட்டும் தொடாமலே விடுங்கள், அங்கே வார்னிஷ் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும்.

பட்டு நூல்

இங்கேதான் நான் அடுத்த இரண்டு வாரத்தைத் தொலைத்தேன். கடையில் 'சில்க் த்ரெட்' என்று ஒரு சிவப்பு நூல் வாங்கி, பதினோரு வளையத்தையும் கட்டி முடித்து வார்னிஷ் பூசினேன். பட்டு, வார்னிஷ் குடித்ததும் கண்ணாடிபோல் தெளிந்து அடியில் உள்ள மூங்கிலைக் காட்ட வேண்டும். என் நூல் சாயம்போலத் தடித்து, அங்கங்கே உப்பி நின்றது. அது விஸ்கோஸ். ஆரி வேலைக்கும் சேலைக் குச்சுக்கும் விற்கும் நூலில் பெரும்பகுதி விஸ்கோஸ்தான்.

வாங்கும் முன் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் உருண்டையாகி விரலில் பொடியும். விஸ்கோஸ் காகிதம்போல் எரிந்துவிடும். காஞ்சிபுரத்தில் நெசவுக்கு வாங்கும் முறுக்கிய பட்டு இழையே எனக்குச் சரியாக வந்தது. பழைய ஆங்கிலக் கோல்களுக்குப் பியர்சால் நிறுவனத்தின் காசமர் பட்டுதான் பேர்போனது. இப்போது பழைய இருப்பாகத்தான் கிடைக்கும். அதைத் தேடிக் காசு கொட்ட வேண்டிய தேவை இல்லை.

கட்டுவதற்கு முன் வளையத்தின் பாதத்தை அரத்தால் கத்தி நுனிபோல் மெலிதாக்குங்கள். படி இருந்தால் நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். நூல்கண்டைக் கனமான புத்தகத்துக்குள் வைத்து இழுவிசை கொடுத்து, கோலைச் சுழற்றிச் சுற்றுங்கள். முடிப்பதற்கு எட்டுச் சுற்று முன்னால் ஒரு நூல் கண்ணியை உள்ளே வைத்து, கடைசி நுனியை அதில் கோத்து இழுத்துவிட்டால் முடிச்சே தெரியாது. ஒரு பென்சிலில் நான்கு நிறம் சுற்றி வார்னிஷ் பூசிப் பார்த்த பிறகே கோலில் கை வையுங்கள். வெளிர் மஞ்சள் காணாமலே போகும். சிவப்பு இருண்டுவிடும்.

வார்னிஷ்

எண்ணெய் சேர்ந்த மரைன் வார்னிஷ் வாங்குங்கள். விரைவில் காயும் தளவாட வார்னிஷ் வளையும்போது வெடிக்கும். நூலில் மெலிதாக ஐந்து பூச்சு, மூங்கிலில் இரண்டு. தூசி இல்லாத இடம் வீட்டில் குளியலறைதான்: தரையை நனைத்துவிட்டு, துண்டுகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். மலையில் இருப்பவர்கள் இதைப் பிப்ரவரி, மார்ச்சில் செய்யுங்கள். ஜூலை மூடுபனியில் என் முதல் பூச்சு ஆறு நாள் ஒட்டிக்கொண்டே இருந்தது.

காய்ந்ததும் கோலை இணைத்து லேசாக அசைத்துக் காது கொடுங்கள். 'டிக்' என்ற ஓசை வந்தால் குழல் தளர்ந்திருக்கிறது, அல்லது கீற்று பிரிந்திருக்கிறது. தளர்ந்த குழலை மெதுவாக இறுகும் அரால்டைட்டால் ஒட்டலாம். ஐந்து நிமிட வகை வேண்டாம்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், தன் கோலில் குண்டூசி அளவில் துளைகளும் அடியில் மாவும் இருப்பதாக எழுதினார். அது உளு. வார்னிஷ் பூசினால் புழு உள்ளேயே இருந்து தின்னும். துண்டுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் சுற்றி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். அருங்காட்சியகங்கள் மரப் பொருள்களுக்குச் செய்வதும் இதுதான். மூன்றடித் துண்டு வீட்டுக் குளிர்பெட்டியில் நுழையாது. அவர் மீன் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லி நீளப் பெட்டியில் வைத்தார். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விட்டால் மூங்கிலில் ஈரம் வியர்க்காது.

இன்னொருவரிடம் இருப்பது ஆறு துண்டுகள், மரப்பெட்டி, வண்ண வண்ண நூல் கட்டு. அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு விற்பதற்காகச் செய்யப்பட்ட வகை. ஏராளமாகப் புழங்குகிறது, விலை சொற்பம். ஆனால் நூல் கட்டிப் பழக இதைவிட நல்ல கோல் கிடைக்காது. முதலில் அதைச் செய்து முடித்துவிட்டு, பிறகு தாத்தாவின் கோலைத் தொடுங்கள்.