பிஎஸ்ஏ ரிப்போர்ட்: எண்ணை மட்டும் பார்த்து ஏமாறும் இடங்கள்

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் பிஎஸ்ஏ (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) 5.8 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே 0–4 என்று அளவு போட்டிருப்பார்கள். அவ்வளவுதான், அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. 3.1 வந்தவரோ ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். என்னைக் கேட்டால் இருவருமே அவசரப்பட்டவர்கள்தான்.

பிஎஸ்ஏ புற்றுநோய்க்கென்று உருவாகும் புரதம் இல்லை. விந்து கெட்டியாக உறைந்துவிடாமல் நீர்க்க வைக்க, புராஸ்டேட் சுரப்பி தானே சுரப்பது. சுரப்பி வயதில் வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும், சிறுநீர் போக டியூப் போட்டாலும் ரத்தத்தில் அது ஏறும். 4-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு பயாப்சி (சுரப்பியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரிகிறது. அதே சமயம், 4-ஐத் தாண்டாதவர்களுக்கும் பயாப்சி செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. அதில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்றுநோய் இருந்தது. ஆக, 4 என்பது ஒரு கோடு, சுவர் இல்லை.

தொற்று இருந்தால் அது குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். உடலுறவுக்குப் பிறகு இரண்டு நாள் விடுவது நல்லது. எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். கருவி மாறினாலே எண் கொஞ்சம் மாறும்.

அதிகம் கோட்டை விடுவது மாத்திரை விஷயத்தில். சிறுநீர் தாராளமாகப் போக எழுதித் தரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் டாம்சுலோசினோடு டூட்டாஸ்டெரைடும் இருக்கும். டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு இரண்டுமே ஆறு மாதம், ஒரு வருடத்தில் பிஎஸ்ஏவைப் பாதியாக்கிவிடும். அந்த மாத்திரையில் இருப்பவருக்கு 3.2 வந்தால், அதை 6.4 என்றுதான் படிக்க வேண்டும். முடி கொட்டாமலிருக்க ஃபினாஸ்டெரைடு போடுபவர்களுக்கும் இதே கணக்குதான். அதை ‘முடி மாத்திரைதானே’ என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். மாத்திரையில் இருக்கும்போதே எண் மெதுவாக ஏறுகிறதென்றால், 4-க்குள் இருந்தாலும் விசாரிக்க வேண்டியதுதான்.

சிகிச்சை முடிந்தவருக்கு அந்த 0–4 அளவு பொருந்தவே பொருந்தாது. சுரப்பியை முழுதாக எடுத்த பிறகு பிஎஸ்ஏ கிட்டத்தட்ட இல்லாமலே போக வேண்டும். 0.2-ஐத் தொட்டு, மறுபடி பார்த்தாலும் அப்படியே வந்தால், நோய் திரும்புகிறது என்று கணக்கு. லேப் அச்சடித்திருக்கும் அளவைப் பார்த்து, ‘0.6தானே, நார்மல்’ என்று நிம்மதியாகிவிடக் கூடாது. கதிர்வீச்சு எடுத்தவருக்குக் கணக்கு வேறு. இறங்கிய அடிமட்டத்திலிருந்து 2 கூடினால்தான் கவலை. நடுவில் கொஞ்சம் ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு.

அப்புறம், எண்ணைவிட அது இரட்டிப்பாகும் வேகம் முக்கியம். 0.5 மூன்றே மாதத்தில் 1 ஆவதும், இரண்டு வருடத்தில் 1 ஆவதும் ஒன்றல்ல. முதலாமவருக்கு நோய் பரவும் ஆபத்து மிக அதிகம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிஎஸ்ஏவையும் பிஎஸ்எம்ஏவையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பிஎஸ்எம்ஏ என்பது புராஸ்டேட் செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வேறு புரதம். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று தேட, அதைக் குறிவைத்து பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தத்தில் பார்க்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறினால் எலும்பில் பரவியிருக்கலாம். ஆனால் கல்லீரல் கோளாறிலும் அது ஏறும், தனியாக வைத்து முடிவு கட்ட முடியாது.

சில முரட்டு வகைப் புற்றுகள் பிஎஸ்ஏவை அதிகம் சுரக்காமலே பரவும். சிகிச்சையில் இருப்பவருக்கு ராத்திரியில் முதுகெலும்பு விடாமல் வலித்து, கால் துவண்டு, சிறுநீர் அடைத்தால், போன வாரம் பிஎஸ்ஏ என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.