ஆர்டிடிஒய்-யில் கூப்பிட்டும் பதில் வராததற்குக் காரணமான தவறுகள்

ஹாம் ரேடியோவில் டைப் அடித்துப் பேசும் முறையான ஆர்டிடிஒய்-யில் சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள், ஒருவரும் வரவில்லை. ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் சைடுபேண்டைப் பாருங்கள், அதாவது ரேடியோ எல்எஸ்பி என்ற கீழ்ப்பக்கத்தில் இருக்கிறதா, யுஎஸ்பி என்ற மேல்பக்கத்தில் இருக்கிறதா என்று. ஆர்டிடிஒய் சிக்னல் மார்க், ஸ்பேஸ் என்ற இரண்டு அதிர்வெண்களுக்கு நடுவே தாவிக்கொண்டே இருக்கும். ஹாம் பேண்டுகளில் வழக்கமான இடைவெளி 170 ஹெர்ட்ஸ், வேகம் 45.45 பாட் (நொடிக்கு இத்தனை துடிப்புகள்). காற்றில் மார்க்தான் மேலே இருக்க வேண்டும். சவுண்ட் கார்டிலிருந்து மார்க்குக்கு 2125, ஸ்பேஸுக்கு 2295 ஹெர்ட்ஸ் டோன் அனுப்புகிறவர் எல்எஸ்பி-யில் இருந்தால் இது தானாக அமைந்துவிடும்; அங்கே குறைந்த டோன்தான் காற்றில் மேலே போகும். எஃப்டி8 என்ற இன்னொரு டிஜிட்டல் முறையின் பழக்கத்தில் யுஎஸ்பி-யிலேயே விட்டுவிட்டால் சிக்னல் தலைகீழாகும். உங்கள் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் எதிர்முனைத் திரையில் குப்பைதான் ஓடும். மென்பொருளில் இருக்கும் 'ரிவர்ஸ்' பொத்தானும் இதே வேலையைச் செய்யும். யாரையோ படிப்பதற்காக அதை அழுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள். சில மென்பொருள்களில் அனுப்புவதும் சேர்ந்தே தலைகீழாகிவிடும்.

அடுத்தது ஒலி அளவு. என் பார்வையில் இதுதான் மிகப் பெரிய தவறு, ஏனென்றால் இதில் பாதிக்கப்படுவது பக்கத்து அலைவரிசையில் இருப்பவர்கள். சவுண்ட் கார்டு ஒலியை ஏற்றிக்கொண்டே போய் ஏஎல்சி (டிரான்ஸ்மிட்டர் அளவு மீறாமல் தானாக அடக்கும் கட்டுப்பாடு) ஊசி ஆட ஆரம்பித்தால் சிக்னல் கெட்டு, தேவையில்லாத டோன்கள் கிளம்பும். ஊசி அசையத் தொடங்கும் இடம் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பேச்சைப் பலப்படுத்தும் ஸ்பீச் பிராசஸர் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். கணினியின் அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் காற்றில் போகும்.

பவர் விஷயத்தில் பேச்சுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பேசும்போது வார்த்தைகளுக்கு நடுவே டிரான்ஸ்மிட்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆர்டிடிஒய்-யில் பொத்தானை அழுத்தியதிலிருந்து விடும் வரை முழு பவர்தான். 100 வாட் ரேடியோ என்றால் 50 வாட்டுக்கு இறக்கிக்கொள்வது நல்லது. கையேடு இன்னும் குறைவாகச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

அப்புறம், 599 (சிக்னல் நன்றாக வருகிறது என்ற மதிப்பீடு) என்று எதிர்பார்த்த இடத்தில் 'டிஓஓ' என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஆர்டிடிஒய் பயன்படுத்தும் பாடோ குறியீட்டில் ஓர் எழுத்துக்கு ஐந்து பிட்கள்தான். அதனால் எழுத்தும் எண்ணும் ஒரே குறியீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. எது என்று சொல்ல ஒரு ஷிஃப்ட் குறியீடு தனியாக வரும். இரைச்சலில் அந்த ஒன்று தொலைந்தால் எண்களெல்லாம் எழுத்தாகிவிடும். கீபோர்டின் மேல் எழுத்து வரிசையில் கியூ 1, டபிள்யூ 2 என்று எண்ணிக்கொண்டே போனால் டி 5, ஓ 9, பி 0. இதைப் பழகிக்கொண்டால் 'மறுபடி அனுப்புங்கள்' என்று கேட்கும் தேவை பாதியாவது குறையும்.

இந்த முறையில் பிழை திருத்தம் எதுவும் கிடையாது. ஆகவே முக்கியமானதை இரண்டு முறை அனுப்ப வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும். பலர் செய்வது நேர்மாறு: ரேடியோ, ஆன்டெனா, கணினி விவரம் எல்லாம் நீண்ட மேக்ரோவில் (முன்பே எழுதிவைத்து ஒரு பொத்தானில் அனுப்பும் செய்தி) ஓடும், கால்சைன் என்ற அடையாளப் பெயர் ஒரே ஒரு முறை. நொடிக்கு ஆறு எழுத்துதான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். மேக்ரோவைப் புது வரியில் தொடங்கினால் உங்கள் கால்சைன் இரைச்சல் எழுத்துகளோடு ஒட்டாது. சிக்யூ மேக்ரோவின் கடைசிச் சொல்லும் சிக்யூ-வாக இருக்கட்டும். நடுவில் ட்யூன் செய்து வந்தவருக்கு, நீங்கள் யாருக்கோ பதில் சொல்லவில்லை, அழைக்கிறீர்கள் என்று புரியும்.

சிக்யூ கொடுக்கும்போது ஏஎஃப்சி (எதிர்முனை சிக்னலைத் தானாகப் பின்தொடர்வது), நெட் (கேட்கும் இடத்திலேயே அனுப்புவது) இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். பதில் தருபவர் சற்றுத் தள்ளி வந்தால் உங்கள் சிக்னலும் அவர் பின்னால் நகரும். அவரும் அதே அமைப்பில் இருந்தால் இருவரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே பேண்டில் நகர்ந்துபோவீர்கள். கேட்கும் இடத்தை மட்டும் நகர்த்தும் ஆர்ஐடி போதும்.

கடைசியாக, இடம். 20 மீட்டர் பேண்டில் ஆர்டிடிஒய் பகுதிக்கு ஒரு பக்கம் 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 கூட்டம். மறுபக்கம் 14.100-இல் உலகெங்கும் உள்ள 18 பீக்கன்கள் (அலைகள் எங்கே எட்டுகின்றன என்று அறிய உதவும் தானியங்கி டிரான்ஸ்மிட்டர்கள்) ஆளுக்குப் பத்து நொடி எடுத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றின் கடைசிக் கோடும் 0.1 வாட்டில்தான் வருகிறது. அதைக் கேட்க யாரோ ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; பக்கத்தில் போய் 50 வாட்டில் டைப் அடிக்காதீர்கள்.